சிண்ட்ரெல்லாவின் வாப்பா எங்கே போனார்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். இல்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். உம்மாமாரை விட வாப்பாமார்தான் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

போன கிழமை ஒரு பிள்ளையின் வாப்பா எனக்குக் கோல் எடுத்தார்.

"சேர், என்ட மகள் லைப்ரரியில இருந்து ஒரு இங்கிலிஷ் புத்தகம் கொண்டு வந்திருக்கா. சிண்ட்ரெல்லா கதையாம். தொடக்கத்திலயே ஒருத்தி கத்திய எடுத்து தன்ட கால்விரல வெட்டுறா. ஒரே ரத்தம். இதெல்லாம் புள்ளைகள் வாசிக்கிற கதையா சேர்? நாங்க கேட்ட சிண்ட்ரெல்லா இப்படியா இருந்திச்சு?"

அவர் சண்டைக்கு வரவில்லை. மகள் மீது உள்ள அக்கறையில் கேட்டார். "எனக்கு ஒரு கிழமை தாங்க, நானும் வாசிச்சிட்டு வாறன்" என்றேன். வாசித்தேன். அவரிடம் சொன்னதையே, இன்னும் கொஞ்சம் விரிவாக உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். நான் வரலாறு படிப்பிக்கிறவன். எதைக் கேட்டாலும் "இது எங்கேயிருந்து வந்தது" என்று பின்னால் போவது என் பழக்கம்.

முதலில் அந்தப் புத்தகம். பெயர் 'ஸ்டெப்சிஸ்டர்'. எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் ஜெனிபர் டொனலி. 2019இல் வெளிவந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட மாயக்கதை. ஆனால் இதில் கதாநாயகி சிண்ட்ரெல்லா அல்ல. அவளைக் கொடுமைப்படுத்தியதாக நாம் கேள்விப்பட்ட இரண்டு சகோதரிகளில் ஒருத்தி. பெயர் இசபெல். இளவரசன் கொண்டுவந்த கண்ணாடிச் சப்பாத்துக்குள் கால் நுழைய வேண்டும் என்பதற்காக, தாயின் சொல்லைக் கேட்டு, தன் விரல்களை வெட்டிக்கொள்கிறாள். இரத்தம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிண்ட்ரெல்லா அரண்மனைக்குப் போய்விடுகிறாள். வழமையான கதை இங்கே முடியும். இந்தக் கதை இங்கேதான் தொடங்குகிறது. நொண்டிக்கொண்டு, ஊரே காறித் துப்ப, அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தாள்?

இசபெலுக்குக் குதிரை ஓட்டவும் வாள் பிடிக்கவும் விருப்பம். அவளுடைய சகோதரி டாவிக்குக் கணக்கில் பைத்தியம். தாய்க்கோ ஒரே பயம்: இந்த இரண்டையும் யார் கட்டுவார்கள்? அந்தப் பயத்தில் பிள்ளைகளின் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வெட்டி, கடைசியில் கால்விரலையும் வெட்டச் சொல்கிறாள். இதை வாசித்தபோது எனக்கு பிரான்ஸ் நாடு ஞாபகம் வரவில்லை. எங்கள் ஊர்க் கல்யாணப் பேச்சுகள்தான் ஞாபகம் வந்தன.

சரி, அந்த வாப்பாவின் கேள்விக்கு வருவோம். "நாங்க கேட்ட சிண்ட்ரெல்லா இப்படியா இருந்திச்சு?"

உண்மை என்னவென்றால், விரல் வெட்டுவது டொனலியின் கற்பனை அல்ல. 200 வருடங்களுக்கு மேலாக அச்சில் உள்ள விடயம். நாம் கேட்டதுதான் வெட்டித் துடைத்து எடுத்த கதை.

இந்தக் கதை எவ்வளவு பழையது என்று பாருங்கள். கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, எகிப்தைப் பற்றி எழுதும்போது ரொடோபிஸ் என்ற பெண்ணின் கதையைச் சொல்கிறார். அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கழுகு அவளுடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு போய், மெம்பிஸ் நகரில் அரசனின் மடியில் போடுகிறது. அரசன் அந்தச் செருப்புக்குரியவளை நாடெல்லாம் தேடுகிறான். கண்டுபிடித்து மணமுடிக்கிறான். சிற்றன்னை இல்லை, தேவதை இல்லை. ஆனால் செருப்பு அப்போதே வந்துவிட்டது.

அடுத்தது சீனா. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பக்தாதில் அப்பாஸிய கலீபாக்கள் ஆட்சி செய்துகொண்டிருந்த காலம். ட்வான் செங்ஷி என்ற சீன அதிகாரி, தன் குடும்பத்தில் நெடுநாள் வேலை செய்த ஒருவர் சொன்ன கதையை எழுதி வைத்தார். அந்த வேலையாள் சீனாவின் தெற்குப் பகுதியைச் சேர்ந்தவர். கதையில் வரும் பிள்ளையின் பெயர் யெ ஷியென். அவளுடைய தகப்பனுக்கு இரண்டு மனைவிமார். பெற்ற தாய் மௌத்தாகிவிட, தகப்பனும் மௌத்தாகிவிட, மற்ற மனைவியின் கையில் பிள்ளை அகப்படுகிறாள். அவளுக்கு ஒரே துணை, அவள் வளர்த்த மீன். அந்த மீனையும் சிற்றன்னை பிள்ளையின் உடுப்பை உடுத்து ஏமாற்றிப் பிடித்து, கொன்று, சமைத்துத் தின்றுவிடுகிறாள். மீனின் எலும்புகளிடம் கேட்டால் கேட்டது கிடைக்கும். அப்படித்தான் அவளுக்குத் தங்கச் சப்பாத்து கிடைக்கிறது. ஒரு தீவின் அரசன் அந்தச் சப்பாத்தை வைத்து அவளைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். முடிவில் சிற்றன்னையும் அவள் மகளும் பறந்து வந்த கற்கள் பட்டுச் சாகிறார்கள்.

இந்தக் கதையில் தகப்பன் செத்துப் போனதால்தான் பிள்ளை அநாதரவாகிறாள். இதை ஞாபகத்தில் வையுங்கள்.

மூன்றாவது இத்தாலி. நேப்பிள்ஸ் நகரத்துக் கவிஞர் ஜியாம்பட்டிஸ்டா பாசிலே எழுதிய கதைத் தொகுப்பை, அவர் இறந்த பிறகு அவருடைய சகோதரி 1634இலிருந்து வெளியிட்டார். அதில் வரும் சிண்ட்ரெல்லாவின் பெயர் ஸெஸோலா. இந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் அதிர்ந்துவிடுவீர்கள். முதல் சிற்றன்னையின் கொடுமை தாங்காமல், தனக்குத் தையல் படிப்பித்த ஆசிரியையின் ஆலோசனைப்படி, பெட்டிக்குள் சிற்றன்னை குனிந்திருக்கும்போது மூடியைப் போட்டுக் கழுத்தை முறித்துக் கொன்றுவிடுகிறாள். பிறகு அந்த ஆசிரியையே தகப்பனை மணமுடித்துக்கொண்டு வந்து, ஒளித்து வைத்திருந்த தன் ஆறு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு வந்து, ஸெஸோலாவைக் குசினிக்கு அனுப்புகிறாள். ஆசிரியர்மார் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

இங்கே தகப்பன் உயிரோடு இருக்கிறார். புதிய ஆறு பிள்ளைகள் வந்ததும் சொந்தப் பிள்ளையை மறந்துவிடுகிறார். சார்டினியாத் தீவுக்குப் பயணம் போகும்போது, மற்றவர்கள் கேட்ட சாமான்கள் எல்லாவற்றையும் வாங்குகிறார். ஸெஸோலா சொல்லிவிட்ட ஒரேயொரு விடயம் மறந்துபோகிறது. கப்பல் நகர மறுத்த பிறகுதான் அவருக்குப் பிள்ளையின் ஞாபகம் வருகிறது.

நான்காவது பிரான்ஸ். 1697. சார்ள் பெரோ என்பவர் அரச சேவையில் இருந்து ஓய்ந்தவர், வயது 70ஐ நெருங்கியவர். நாம் அறிந்த பூசணிக்காய் வண்டி, தேவதை, கண்ணாடிச் சப்பாத்து எல்லாம் இவர் எழுதியதிலிருந்துதான் வருகின்றன. இவருடைய கதையில் விரல் வெட்டு இல்லை. சகோதரிகள் மன்னிப்புக் கேட்கிறார்கள், சிண்ட்ரெல்லா அவர்களைக் கட்டியணைத்து மன்னிக்கிறாள். அதோடு விடாமல் இரண்டு பேருக்கும் பெரிய இடத்தில் மாப்பிள்ளையும் பார்த்துக் கொடுக்கிறாள். யூஸுப் நபி (அலை) தம் சகோதரர்களை மன்னித்த வரலாற்றைப் படித்த நமக்கு, அதிகாரம் கைக்கு வந்த பிறகு மன்னிப்பதன் பெறுமதி புதிதல்ல.

ஆனால் பெரோவின் கதையிலும் தகப்பன் உயிரோடுதான் இருக்கிறார். அந்த வீட்டிலேயே இருக்கிறார். பிள்ளை ஏன் அவரிடம் முறையிடவில்லை? சொன்னால் அவளைத்தான் ஏசுவார், ஏனென்றால் மனைவி அவரை முழுதாக ஆட்டிவைக்கிறாள் என்று பெரோ ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அந்த ஒரு வசனத்தோடு தகப்பனின் கணக்கு முடிகிறது. அதற்குப் பிறகு யாரும் அவரிடம் கேள்வி கேட்பதில்லை.

இனி ஜேர்மனி. யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்ற இரண்டு சகோதரர்கள். இளம் வயதிலேயே தகப்பனை இழந்தவர்கள். தகப்பன் 1796இல் இறக்கும்போது மூத்தவர் யாக்கோபுக்கு 11 வயது. தாய் கஷ்டப்பட்டு வளர்த்தார், 1808இல் அவரும் போய்விட்டார். நெப்போலியனின் படைகள் அவர்கள் மண்ணை ஆண்ட காலம் அது. தம் மக்களின் பழங்கதைகள் அழிந்துவிடக் கூடாது என்று சேகரிக்கத் தொடங்கினார்கள். முதல் பாகம் 1812 டிசம்பரில் வந்தது. அதில்தான் சிண்ட்ரெல்லாவின் சகோதரிகள் ஒருத்தி விரலையும் மற்றவள் குதிக்காலையும் வெட்டுகிறார்கள். கத்தியைக் கொடுப்பது அவர்களைப் பெற்ற தாய். ராணியான பிறகு நடக்கவா போகிறாய், கால் எதற்கு என்பது அந்தத் தாயின் நியாயம்.

கிரிம் சகோதரர்கள் முதலில் இதைப் பிள்ளைகளுக்கான புத்தகமாக மட்டும் நினைக்கவில்லை. அடிக்குறிப்புகளோடு கூடிய ஆய்வு நூலாகவும் நினைத்தார்கள். வாங்கிய பெற்றோர் சிலர் "இது பிள்ளைகளுக்கு உகந்ததா?" என்று குறை சொன்னார்கள். எனக்குக் கோல் எடுத்த வாப்பா கேட்ட அதே கேள்வி, 200 வருடங்களுக்கு முன்பு ஜேர்மனியில் கேட்கப்பட்டது. அந்தக் கேள்விக்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பதிவின் மையம்.

1812க்கும் 1857க்கும் இடையில் ஏழு பதிப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இளையவர் வில்ஹெல்ம் கதைகளைத் திருத்தினார். 1825இல் பிள்ளைகளுக்கென்று 50 கதைகளை மட்டும் தெரிந்தெடுத்து, படங்களோடு சிறிய பதிப்பும் வந்தது. என்னென்ன திருத்தினார்?

ஆண் பெண் உறவு பற்றிய சாடைகளை எடுத்தார். அது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆனால் இரத்தத்தை எடுக்கவில்லை. சில இடங்களில் கூட்டினார். சிண்ட்ரெல்லாவின் கல்யாணத்தன்று புறாக்கள் வந்து சகோதரிகளின் கண்களைக் கொத்தும் காட்சி 1812 பதிப்பில் இல்லை. 1819இல் சேர்க்கப்பட்டது. கெட்டவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது அந்தக் காலத்து எண்ணம்.

அதைவிடப் பெரிய திருத்தம் ஒன்று உண்டு. 1812 பதிப்பில் ஸ்னோ வைட்டைக் கொல்ல ஆளனுப்பியவள் சிற்றன்னை அல்ல. பெற்ற தாய். பனி போல் வெண்மையாக ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்ட அதே தாய், பிள்ளை தன்னைவிட அழகாக வளர்ந்ததும் பொறாமையில் கொல்லத் துணிகிறாள். 1819இல் வில்ஹெல்ம் அந்தத் தாயைப் பிரசவத்தோடு மௌத்தாக்கிவிட்டு, அவளிடத்தில் ஒரு சிற்றன்னையைக் கொண்டுவந்து வைத்தார். ஹான்சல், கிரெட்டல் கதையும் அப்படித்தான். பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருவோம் என்று சொன்னவள் 1812இல் பெற்ற தாய். 1840 பதிப்பில் அவள் சிற்றன்னை ஆகிவிட்டாள்.

ஏன்? பெற்ற தாயின் மீது உள்ள மரியாதைக்குக் குறை வரக் கூடாது என்பதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தாயைக் கண்ணுக்குள் வைத்திருந்த பிள்ளைகள் அவர்கள். அந்த உணர்வை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தாயின் மானத்தைக் காப்பாற்ற இன்னொரு தாயின் தலையில் பழி போடப்பட்டது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பிரசவத்தில் பெண்கள் இறப்பது சாதாரணம். கைக்குழந்தையோடு நிற்கும் ஆண் சீக்கிரமே மறுமணம் செய்வதும் சாதாரணம். ஆகவே நிறைய வீடுகளில் சிற்றன்னைமார் இருந்தார்கள். யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்து, பேன் பார்த்து, காய்ச்சலுக்கு விழித்திருந்தவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இராத்திரியில் வாசித்துக் காட்டிய புத்தகத்தில் சிற்றன்னை என்றால் பேய்.

அந்தப் புத்தகம் உலகமெல்லாம் போனது. 1937இல் வோல்ட் டிஸ்னி ஸ்னோ வைட்டைப் படமாக்கினார். 1950இல் சிண்ட்ரெல்லா. இரண்டிலும் சிற்றன்னைதான் வில்லி. இரண்டாவது படத்தில் தகப்பனின் பிரச்சினையை ஒரேயடியாகத் தீர்த்துவிட்டார்கள். கதை தொடங்கும்போதே அவர் மௌத்து.

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இத்தாலியக் கதையில் தகப்பன் மறந்துவிடுகிறார். பிரெஞ்சுக் கதையில் தகப்பன் வாய் திறப்பதில்லை. கிரிம் கதையில் தகப்பன் அதே வீட்டில் இருந்துகொண்டு, இளவரசன் வந்து "வேறு மகள் இல்லையா" என்று கேட்கும்போது, காலஞ்சென்ற என் மனைவியின் ஒரு சின்னப் பிள்ளை கிடக்கிறாள், அவள் மணப்பெண்ணாக இருக்க முடியாது என்று கையை விரிக்கிறார். தன் மகள் என்றுகூட வாயில் வரவில்லை. ஹான்சல், கிரெட்டலில் தகப்பன் கவலைப்படுகிறார், ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறார். ஸ்னோ வைட்டின் தகப்பன் அரசன். இரண்டாம் கல்யாணம் முடித்தார் என்பதோடு கதையில் காணாமல் போகிறார்.

1893இல் மரியன் கொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, சிண்ட்ரெல்லாவும் அதனோடு உறவான கதைகளுமாக 345 வடிவங்களைத் தொகுத்து வெளியிட்டார். இவ்வளவு வடிவங்களில் உலவிய கதையை நாம் எல்லோரும் ஒரே பாடமாகச் சுருக்கிவிட்டோம்: சிற்றன்னை கெட்டவள். அந்த வீட்டில் ஒரு ஆம்பிளை இருந்தாரே, அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் கடந்த அரை நூற்றாண்டில் புதிய எழுத்தாளர்கள் பழைய கதைகளைத் திரும்ப எழுதத் தொடங்கினார்கள். 1979இல் இங்கிலாந்தின் அஞ்செலா கார்ட்டர் பெரியவர்களுக்காக எழுதினார். 1999இல் கிரகரி மக்வயர் சிண்ட்ரெல்லாவின் சகோதரியை வைத்து ஒரு நாவல் எழுதினார். 2012இல் மரிசா மேயர் சிண்ட்ரெல்லாவை எதிர்கால பீஜிங் நகரத்தில், பாதி இயந்திரமான ஒரு மெக்கானிக்காக்கினார். கதை சீனாவுக்கே திரும்பிப் போனது போல. அந்த வரிசையில் வந்ததுதான் டொனலியின் புத்தகம். இருட்டான கதைதான். ஆனால் அந்த இருட்டைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. நமக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்த அறையைத் திறந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காட்டுகிறது.

இவ்வளவும் வரலாறு. இனி என் வீட்டுக் கதை. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதைச் சொல்லாமல் மேலே எழுதியது எதுவும் நிறைவாகாது.

என்னைப் பெற்ற உம்மா எனக்கு ஏழு வயதில் மௌத்தானார். வாப்பா மறுமணம் செய்தார். வந்தவரை நான் சின்னும்மா என்று கூப்பிட்டேன். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் ஆங்கிலப் பாடத்தில் சிண்ட்ரெல்லா கதை. இடைவேளையில் கூட்டாளிமார் சுற்றி நின்று கேட்டார்கள். "டேய், ஒன்ட சின்னும்மா ஒன்ன அடிக்கிறவவா? சோறு தருவாவா?" நான் அதுவரை அப்படி யோசித்ததேயில்லை. அன்று வீட்டுக்குப் போய், அவர் போட்டு வைத்திருந்த சோற்றைத் தின்ன மாட்டேன் என்றேன். "ஏன் மன, காச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கோப்பையை மூடி வைத்தார்.

வாப்பா கதிரையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டது. ஒன்றும் கேட்கவில்லை.

வாப்பா கெட்ட மனிதர் அல்ல. அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கட்டும். பெண்ணாப்பிள்ளையும் பிள்ளையும் தாங்களே சரிப்படுத்திக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒரு சொல் சொல்லக் கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் அன்று பத்திரிகையை மடித்து வைத்திருந்தால், நான் மூன்று நான்கு வருடங்கள் சின்னும்மாவை முகம் பார்த்துப் பேசாமல் இருந்திருக்கமாட்டேன். ஏன் சோறு தின்னவில்லை என்பதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவரும் இப்போது இல்லை.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு அழகான முன்மாதிரி இருக்கிறது. அநாதையாக வளர்ந்த நபி (ஸல்) அவர்களை, பெரிய தகப்பன் அபூதாலிபின் மனைவி பாத்திமா பின்த் அஸத் வளர்த்தார். நபியவர்கள் அவரைத் தாயைப் போல் மதித்தார்கள். பின்னாளில் உம்மு ஸலமா (ரழி) அவர்களை நபியவர்கள் மணமுடித்தபோது, அவருடைய முந்திய கணவரின் பிள்ளைகளும் அந்த வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் உமர் இப்னு அபீ ஸலமா. சாப்பிடும்போது தட்டெல்லாம் கை ஓட விட்ட சின்னப் பையன். பிஸ்மில்லாஹ் சொல்லி, வலது கையால், பக்கத்தில் உள்ளதிலிருந்து சாப்பிடும்படி நபியவர்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நாம் மத்ரஸாவில் சாப்பாட்டு ஒழுங்கு என்று படித்த அந்த ஹதீஸ், ஒரு வாப்பா தன் மனைவியின் பிள்ளையைத் தன் சாப்பாட்டில் சேர்த்து இருத்தி வளர்த்ததன் வரலாறும்தான். வீட்டுத் தலைவர் அங்கே பேசாமல் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோர ஊர்களில் எத்தனை பிள்ளைகள் தாயை இழந்தார்கள், எத்தனை வீடுகளுக்குப் புதிய உம்மாமார் வந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளைகள் இப்போது தாங்களே உம்மா வாப்பாவாகிவிட்டார்கள். அவர்களை வளர்த்தெடுத்த பெண்களுக்கு நாம் என்ன மரியாதை கொடுத்தோம்? வடிகான் வெட்டாவிட்டாலும், வீதி விளக்குப் போடாவிட்டாலும் "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்று அறிக்கை விடுகிறோம். பள்ளி நிர்வாகம் விடுகிறது, சங்கங்கள் விடுகின்றன, நானும் முன்பு எழுதியிருக்கிறேன். பாரபட்சம் என்ற சொல் இருக்கிறது. புறக்கணிப்பு என்ற சொல் இருக்கிறது. அவற்றை எழுதினால் என்ன? அந்த அறிக்கையை, குசினியில் யாரோ பெற்ற பிள்ளைக்கு முட்டை பொரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணும் வாசிக்கிறாள்.

கடைசியாக, புத்தகத்தை என்ன செய்வது என்ற விடயம். அந்த வாப்பாவிடம் நான் சொன்னது இதுதான்.

ஒன்று, அது சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம் அல்ல. ஆரம்பப் பிரிவுப் பிள்ளை கையில் எடுத்தால் வாங்கி வையுங்கள். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு அது தாங்கும்.

இரண்டு, தடுப்பதற்கு முதல் நீங்களும் வாசியுங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் மகளைப் பக்கத்தில் இருத்தி, கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவளுடைய ஆங்கிலமும் வளரும்.

மூன்று, அவள் சொல்லி முடித்த பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். "அந்தப் புள்ள ஏன் விரல வெட்டினா?" அவள் என்ன மறுமொழி சொல்கிறாள் என்று கவனமாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் அவள் எதை வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த மறுமொழியில் இருக்கலாம்.

நேற்று அந்த வாப்பா மீண்டும் கோல் எடுத்தார். மகள் பாதிக் கதை சொல்லியிருக்கிறாளாம். "சேர், மிச்சத்த இண்டைக்குச் சொல்றன் எண்டிருக்கா. இஷா தொழுதிட்டு நேரத்தோட வீட்ட போகோணும்" என்றார்.

எனக்கு அது போதும்.

பெற்ற உம்மாமாருக்கும், பெறாமல் வளர்த்த உம்மாமாருக்கும் வல்ல அல்லாஹ் நிறைவான கூலியைக் கொடுப்பானாக. என் சின்னும்மாவுக்கும் ஒரு துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.